கொக்கி

கடைவாய்ப்பல் இரண்டைப் பிடுங்கிய கிழமை.
மருத்துவ லீவு ஐந்து நாள்.
ஒரு கன்னம் மட்டும் பணக்காரனுடையது போல் ஊதியிருக்க,
ஐஸ் பொட்டலத்தைத் துவாயில் சுற்றி அணைத்தபடி
ஹெர்ஃபோர்டில், மூன்றாம் மாடியில்,
பாரிசுக்குப் போன நிமலரூபன் விட்டுச்சென்ற
விளையாட்டுப் பெட்டியை முதல்தடவை தட்டினேன்.

இடுகாட்டு வாசலில் ஓர் எலும்புக்கூடு.
தொப்பி இருந்தது. கீழ்த்தாடை இல்லை.
காற்றாய்க் கதைத்தது:
‘வோ இஸ்ட் மைன் கீஃபர்?’

கீஃபர் எனக்குத் தெரிந்த சொல்.
கையெழுத்து வைத்த படிவத்தில் நாலு இடத்தில் இருந்தது.
கீஃபர் என்றால் தாடை.
பாவம், இல்லாததைத்தானே கேட்கும்?

கீழே ஓடிய வரியில்
மைன் என்பதன் தோளில் ஒரு சின்னக் கொக்கி.
தூசி என்று திரையைத் துடைத்தேன்.
போகவில்லை.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன்.

மூன்று இரவு கிண்டினேன்.
ஏழு குழி, ஏழு தாடை.
குதிரையினுடையது ஒன்று, தங்கப்பல் வைத்தது ஒன்று,
பாதிரியாருடையது தானாகவே செபம் சொன்னது.
ஒவ்வொன்றையும் நிலவில் பிடித்துப் பார்த்துவிட்டு
மரியாதையாய்த் திருப்பித் தந்தது எலும்புக்கூடு:
‘நல்ல சாமான். ஆனால் இதில் நிழல் வராதே.’

நிழலா?
அரைகுறை டொய்ச்காரனுக்கு
விளங்காத வரியெல்லாம் தன் பிழையாகத்தான் தெரியும்.
பெட்டியை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

ஆறாம் நாள் வேலை.
தளபாடக் கிடங்கு, பதினாலாம் வரிசை, கட்டில் சட்டங்கள்.
மூன்று வருடமாய் என் கை ஸ்கேன் செய்யும் லேபல்:
கீஃபர், மாசிவ்.
இரண்டு மீற்றர் நீளத்தில் திடமான தாடை.

நின்றுவிட்டேன்.
அட்டை கிழிந்த மூலையில் பிசின் மணத்தது.
அடேய், மரம்!
தன் தலைமாட்டில் நின்ற பைன் மரத்தையல்லவா
அது கேட்டிருக்கிறது.

சிரித்தேன். தையல் இழுத்தது.
போர்க்லிஃப்டை நிறுத்தி மரேக் எட்டிப் பார்த்தான்.
ஒன்றுமில்லை என்று கைகாட்டினேன்.
பிந்தி வந்த சிரிப்பை யாரோடு பங்குபோடுவது?

என் மொழியில் மரமும் எலும்பும் அஃறிணை,
ஒரே பாயில் படுக்கும்.
இங்கே தாடை ஆண், பைன் பெண்.
தாடைக்கு மைன், மரத்துக்கு மைனெ.
வாலில் ஒரு எகரம், அவ்வளவுதான்.
தாடையில்லாத வாய் அதை விழுங்கிவிட்டது.
விழுங்கிய இடத்தில் கொக்கியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.
நான் துடைக்கப் பார்த்தது அதைத்தான்.

ஒன்பது வருடமாய் நானும் அப்படியே.
ஆணா பெண்ணா தெரியாத சொல்லுக்கெல்லாம்
வாலை விழுங்கித்தான் கதைக்கிறேன்,
பேக்கரியில், பஸ்ஸில், வெளிநாட்டவர் அலுவலகத்தில்.
எத்தனை பகிடி விட்டேனோ, எனக்கே தெரியாமல்.

நிமலரூபனுக்கு போன் எடுத்தேன்.
தாடை, மரம், கொக்கி, எல்லாம் விளக்கினேன்.
‘சரி, பிறகு?’ என்றான்.
பிறகு ஒன்றுமில்லை.
‘அதை விடு. ஊசி போட்ட தாடை
இன்னும் மரத்துப்போயா கிடக்கு?’

ஊசி. மரம்.
அவன் பாட்டுக்குச் சொல்லிவிட்டு
கறிக்கு உப்புப் பார்க்கப் போய்விட்டான்.

அன்றிரவு வடக்கு மேட்டில் பைன் மரத்தைக் கண்டேன்.
எலும்புக்கூடு அதனடியில் சாய்ந்து
தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டது.
பரிசாய் ஒரு பைன் காய் கிடைத்தது. விற்றால் இரண்டு காசு.
விற்கவில்லை.

தையல் பிரிக்கும் நாள்.
டொக்டர் நீமையர் கையுறையை இழுத்துவிட்டபடி
கீஃபர் எப்படி என்று கேட்டாள்.
‘மைன் கீஃபர் நிற்கிறது,’ என்றேன்,
‘காற்றில் கொஞ்சம் ஆடுகிறது.’
வாலை இம்முறை வேண்டுமென்றே விழுங்கினேன்.

கத்தரி நின்றது.
முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள், ஒன்றும் காட்டவில்லை.
‘மைனெ,’ என்று மெதுவாய்த் திருத்திவிட்டு
அடுத்த நூலைப் பிடித்தாள்.